டெலிகன்வெர்ட்டர் வாங்கினால் பறக்கும் பறவை தெளிவாகுமா?

கேள்வி: என்னிடம் 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் உள்ளது. அமர்ந்திருக்கும் பறவைகள் ஓரளவு தெளிவாகப் பதிகின்றன, பறப்பவை மங்கலாகின்றன. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தி உருவத்தை இரு மடங்காக்கும் 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் வாங்கினால் சரியாகும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அமர்ந்த பறவை தெளிவாகப் பதிகிறது என்றால் லென்ஸில் குறையில்லை. பெரும்பாலும் ஷட்டர் வேகம்தான், அதாவது கேமராவின் கதவு திறந்து மூடும் வேகம்தான், போதவில்லை. சிறகடித்துச் செல்லும் பறவைக்கு 1/2000 விநாடியாவது வேண்டும். கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டரை அந்த வேகத்தில் நிலைநிறுத்தி, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவிலும் ஃபோகஸைத் தொடர் முறையிலும் விடுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளிகள் தெரியுமே என்று அஞ்சாதீர்கள். புள்ளிகளை மென்பொருள் குறைத்துவிடும், அசைவில் கலைந்த இறகை எதுவும் மீட்டுத் தராது.

2 எக்ஸ் கன்வெர்ட்டர் உருவத்தை இரட்டிப்பாக்கும்போதே ஒளியைக் கால் பங்காகக் குறைத்துவிடுகிறது. அப்பர்ச்சரைக் குறிக்கும் எஃப் எண் கூடினால் ஒளி குறையும்; எஃப் 6.3 லென்ஸ் ஏறக்குறைய எஃப் 13 ஆகிவிடும். 1/2000 கிடைத்த இடத்தில், ஐஎஸ்ஓவை ஏற்றாவிட்டால், 1/500தான் கிடைக்கும். ஃபோகஸும் தடுமாறும். அதாவது, உங்கள் படத்தைக் கெடுக்கும் அதே குறையைக் காசு கொடுத்துப் பெருக்கிக்கொள்கிறீர்கள். எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று முழங்கும் விளம்பரங்கள் எவ்வளவு ஒளி போகும் என்பதையும் அதே குரலில் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு. எஃப் 4 போன்ற அகன்ற அப்பர்ச்சருடைய நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸில் 1.4 எக்ஸ் கன்வெர்ட்டர் பொருத்தினால் எஃப் 5.6 கிடைக்கும், அது பயன்படும். ஆனால் லென்ஸ் அத்தகையதாகவும், வெளிச்சம் நன்றாகவும், பறவை ஏற்கெனவே ஓரளவு அருகிலும் இருந்தால் மட்டுமே பயன்படும். தொலைவை வெல்ல அது உதவாது, ஏனெனில் வெயிலேறிய நிலத்தின் மேல் அலையும் சூடான காற்று தொலைவிலுள்ள பறவையின் உருவத்தைக் குலைத்துவிடும். பெரிதாக்கினால் அந்தக் குலைவும் சேர்ந்தே பெரிதாகும். உங்கள் ஜூம் லென்ஸ் இந்த விலக்கில் அடங்காது.

பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். எனவே காற்று உங்கள் முதுகில் படுமாறு நின்றால் அவை உங்களை நோக்கி வரும். காலை வெயிலும் பின்னாலிருந்து விழுந்தால் கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும். புறா, காகம் போன்றவற்றில் பழகுங்கள்.

கன்வெர்ட்டர் விற்பவரை விட அஞ்ச வேண்டியவர்கள், அருகில் காட்டுகிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு, பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டோ, கூட்டை மறைக்கும் கிளைகளை விலக்கியோ பறவையை முன்னே நிறுத்தும் வழிகாட்டிகள். அக்குரலைக் கேட்டு, எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி அப்பறவை இரையையும் குஞ்சையும் விட்டு அலைகிறது. கிளை விலகிய கூடு வேட்டையாடும் பறவைகளின் கண்ணில் படுகிறது. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேளாமலே பரிசு தரும் போட்டிகள் இவர்களின் பிழைப்பை வளர்க்கின்றன. குரலை ஒலிக்கவிடுவாரா, கூட்டருகே அழைத்துச் செல்வாரா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். ஆம் என்றால் அவரோடு செல்லாதீர்கள்.