டென்ஷன் இல்லாதவருக்கும் பிபி

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 56. கோத்தகிரியில் விடியற்காலையில் பார்த்தால் பிபி 158/96. போன மாதம் மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் பார்த்தபோது 136/84. சிம்பதெடிக் நரம்பு அதிகமாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். எனக்கு டென்ஷனே கிடையாது. குளிர்தான் காரணம் என்று பட்டதால் பத்து நாளாக மெட்டோப்ரோலால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். பேசாமல் மலையை விட்டு இறங்கிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீர்கள்? சிம்பதெடிக் நரம்பு, அதாவது நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்கும் பரிவு நரம்பு, இதயத்தை முடுக்குவது அங்குள்ள ஏற்பிகள் (நரம்பின் சேதியை வாங்கும் இடங்கள்) வழியாகத்தான். அவற்றை மெட்டோப்ரோலால் அடைத்து வைக்கிறது. நாள்பட அடைபட்டிருந்தால் இதயம் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் அத்தனையும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரும். இன்றே டாக்டரிடம் போய், நிறுத்திய தேதியைச் சொல்லுங்கள். நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

குளிரில் பிபி ஏறுவது உண்மை. தோலின் சிறு தமனிகளைப் பரிவு நரம்பு இறுக்கிச் சூட்டைக் காக்கிறது. ஆனால் கீழே பார்த்த 136/84 மாத்திரை உள்ளே இருந்தபோது வந்த கணக்கு. வீட்டில் பார்க்கும்போது 135/85 என்பதே அதிகத்தின் தொடக்கம்.

என்னை உறுத்துவது ‘டென்ஷனே கிடையாது’ என்ற வரி. பிபிக்கும் கவலைக்கும் நாம் போட்ட முடிச்சால்தான், நிம்மதியாக இருப்பவர்கள் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும், தடவிப் பாருங்கள். அதை ஒட்டி ஓடும் நரம்பில் மெல்லிய ஊசியைச் செருகிப் பரிவு நரம்பின் துடிப்பை நேரடியாகப் பதிவு செய்யலாம். 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை இது. அசையாமல் நிம்மதியாகப் படுத்திருப்பவரிடமும் அந்த நரம்பு விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருக்கும். ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அந்தத் துடிப்பு நிமிடத்துக்குக் கூடுதல். மனசு அமைதியாக இருக்கலாம், நரம்பு அமைதியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

பரிவு நரம்பு இதயத்தோடு நிற்பதும் இல்லை. சிறுநீரகத்துக்குப் போய், அழுத்தத்தை ஏற்றிவிடும் ரெனின் என்ற பொருளைச் சுரக்க வைக்கும், உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அங்குள்ள ரத்தக் குழாய்களையும் இறுக்கும். கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் முனைகள் இதைத் தடுக்க வேண்டியவை. ஆனால் மாதக்கணக்கில் அழுத்தம் ஏறியே இருந்தால், ஏறிய அளவையே சரியான அளவென்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். ஊரை மாற்றினால் இது தீராது ஐயா.

அளப்பதையும் திருத்திக்கொள்ளுங்கள். எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, டீ குடிக்கும் முன், குளிர் தெரியாத அறையில், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி ஏற்றாதீர்கள், கழற்றிவிடுங்கள். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

பனிக்காலத்தில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். பரிவு நரம்பு செய்யும் அதே இறுக்கலைத்தான் அதுவும் செய்யும். அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இரவில் குறட்டைக்கு நடுவே உங்கள் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் பரிவு நரம்பு சீறி எழும், பகலிலும் தணியாது. ஆமாம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.