மதுரை வெயிலில் ஆக்சலாட்டல் வளர்க்கலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், மைன்கிராஃப்ட் விளையாட்டில் பார்த்ததிலிருந்து ஆக்சலாட்டல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. ஏசி கிடையாது. வாங்கலாமா? இல்லையென்றால் அதைப் போல வித்தியாசமாக வேறு என்ன வாங்கலாம்?”

ஆக்சலாட்டல், அதாவது வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் தவளை இனத்துக்கு உறவான சாலமாண்டர் விலங்கு, வேண்டாம். உங்கள் மகளின் ஆசையில் தப்பே இல்லை, சிக்கல் தண்ணீரின் சூட்டில்தான்.

ஆக்சலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் இடம். அதற்கு 16 முதல் 18 டிகிரித் தண்ணீர் வேண்டும். 24-ஐத் தாண்டினால் சாப்பாட்டை ஒதுக்கும், செவுள் இழைகள் சுருங்கும், பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை பிடிக்கும். சித்திரை மாதத்தில் மதுரையில் ஏசி இல்லாத அறைத் தொட்டி மத்தியானத்தில் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 18 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9.5 மில்லிகிராம் வரை கரையும், 32 டிகிரியில் 7.3 மட்டுமே. அதே நேரம் சூட்டில் விலங்கின் உடம்பு வேகமாக இயங்கி இன்னும் அதிக ஆக்சிஜன் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அது மெல்ல மெல்லச் சாகும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

தொட்டிக்கு மேலே ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும், அவ்வளவுதான். ஐஸ் பாட்டில் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சூடு ஏறி ஏறி இறங்குவது தனிக் கேடு. சில்லர் என்னும் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் வைத்தால் முடியும், ஆனால் வெயில் காலம் முழுக்க இரவு பகலாக ஓட வேண்டும். கரண்ட் போகும் நாளில் என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும்.

சட்டமும் உண்டு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் ஆக்சலாட்டல் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும், அந்தப் பட்டியலில் உள்ள விலங்குகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. “பேப்பர் எல்லாம் தேவையில்லை” என்று சொல்லி விற்பவரிடம் வாங்கிவிடாதீர்கள்.

சரி, வேறு என்ன? உங்கள் மகளிடம் ஆக்சலாட்டலில் எது பிடித்தது என்று கேளுங்கள். கழுத்துப் பக்கம் இறகு மாதிரி விரியும் செவுள், குட்டிக் கை கால், சிரிக்கிற முகம் என்பாள். இதில் பெரும்பகுதி ஓர் ஆப்பிரிக்க மீனிடம் இருக்கிறது: செனகல் பிச்சிர். சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் ‘செனகல்’ என்று கேட்டுப் பாருங்கள். மிகச் சிறிய குட்டிகளுக்குக் கழுத்தின் இரு பக்கமும் அதே போன்ற இறகுச் செவுள் இருக்கும். வளர வளர அது மறைந்துவிடும். ஆக்சலாட்டலுக்கு அது கடைசி வரை போகாது. இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாறக்கூடாது.

முக்கியமான விஷயம், பிச்சிருக்கு நுரையீரல் உண்டு. சும்மா தொட்டியின் அடியில் கிடக்கும், திடீரென்று அம்பு மாதிரி மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும், ஒன்றிரண்டு குமிழி மேலே வரும். அப்புறம் முன் துடுப்புகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி உட்காரும். நான் இத்தனை காலம் பார்த்தும் அலுக்காத காட்சி அது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிச்சிர் குட்டிகளைச் சுமார் எட்டு மாதம் நிலத்திலேயே வளர்த்துப் பார்த்தார்கள். அவை துடுப்பை உடம்போடு ஒட்டி ஊன்றி, தண்ணீரில் வளர்ந்தவற்றைவிட நன்றாக நடந்தன. 2014-ல் வெளியான ஆய்வு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

25 முதல் 29 டிகிரி அதற்குச் சுகம். ஹீட்டர் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் மட்டும் ஃபேன் போட்டு 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறைகள். ஓர் அடி வரை வளரும், பத்து ஆண்டுக்கு மேல் வாழும். குட்டிக்கு உங்கள் மூன்றடித் தொட்டி போதும், ஓர் ஆண்டு கழித்து நாலடித் தொட்டி வாங்க மனம் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். வாய்க்குள் போகிற மீன் எதையும் விழுங்கிவிடும், அதனால் கப்பி, நியான் மாதிரி சின்ன மீன்களை அதனோடு விடக்கூடாது. மூடியில் விரல் நுழையும் சந்து இருந்தாலும் இரவில் வெளியே வந்துவிடும், காலையில் சோஃபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும். சந்துகளை எல்லாம் அடைத்துவிடுங்கள். ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே மூன்று, நான்கு அங்குலம் காற்று இருக்கட்டும், அது மூச்சு விட வேண்டுமே. தரைக்குக் கூர் இல்லாத மெல்லிய மணல் போடுங்கள். விளக்கை அணைத்த பிறகு மண்புழு, இறால் துண்டு, மூழ்கும் குருணைத் தீனி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்.

நாலடிக்கு இடமில்லை என்றால் ஒரே ஒரு ஆண் பெட்டா (ஃபைட்டர் மீன்) வாங்குங்கள். அதுவும் காற்றைக் குடிக்கும், நம் சூட்டைத் தாங்கும், முகம் பார்த்துப் பழகும். கடையில் ஆமைக்குட்டி காட்டுவார்கள், அதை வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் இன்றைக்கே போகாதீர்கள். மாநகராட்சித் தண்ணீரில் ஆன்டி குளோரின் விட்டு, ஃபில்டரை ஓட்டி, துளித் தீனி போட்டு நான்கைந்து வாரம் தொட்டியைப் பழுக்க விடுங்கள், அதாவது கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியா வளர விடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு மீன் வரட்டும். அதுவரை ஒரு தெர்மாமீட்டரை மாட்டி, பள்ளிவிட்டு வந்ததும் மகளையே படித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எப்போதாவது வளர்க்க முடியாமல் போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், வைகையிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். இப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள்தான் இன்று நம் நீர்நிலைகளில் மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.