ஆயிரம் கோடிக்கு உழைப்பு மட்டும் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெரும் பணக்காரர்கள் உழைத்து மேலே வந்தார்களா, அவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்ததா என்பது கேள்வி. ராத்திரி பகல் பாராமல் உழைத்தவர்தான் ஜெயித்தார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. எவ்வளவு பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும் இரண்டு தரப்பும் சொல்வதில்லை. அதைச் சொல்லாதவரை இந்த வாதம் முடியாது. எனவே நான் ஆயிரம் கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

மாதம் 5 லட்சம் சம்பளம் வாங்குபவர் ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் சேர்த்தால் ஆயிரம் கோடி சேர 1,666 வருடம் ஆகும். அவரே மாதம் 2 லட்சத்தை 12 சதவீத வளர்ச்சி தரும் முதலீட்டில் 35 வருடம் விடாமல் போட்டால் நூறு கோடியைத் தாண்டுவார். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் அந்தத் தொகையின் இன்றைய மதிப்பு 13, 14 கோடி. இது பெரிய சாதனைதான். படிப்பு, வேலையில் நிலைத்து நிற்பது, சந்தை விழும்போது பதறாமல் இருப்பது என்று எல்லாமே ஒருவரின் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் நடப்பவை. இந்த அளவு வரைக்கும் உழைப்புக்குத்தான் முதல் இடம் என்று தயங்காமல் சொல்வேன். நல்ல உடம்பும் ஓரளவு நல்ல குடும்பச் சூழலும் வாய்த்தால் போதும், பெரிய அதிர்ஷ்டம் தேவையில்லை.

ஆயிரம் கோடிக்கு இந்த வழியில் போக முடியாது. சம்பளம் கூட்டல் கணக்கு. இந்த மாதம் உழைத்தது இந்த மாதம் வரும், அடுத்த மாதம் மறுபடி உழைக்க வேண்டும். பெருஞ்செல்வமோ பெருக்கல் கணக்கு. ஒரு நிறுவனத்திலோ நிலத்திலோ காப்புரிமையிலோ உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது, அந்தச் சொத்தின் மதிப்பு பல மடங்கு ஆகிறது, நீங்கள் தூங்கும்போதும் ஆகிறது. கூட்டல் கணக்கில் நல்ல வருடமும் கெட்ட வருடமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். பெருக்கல் கணக்கில் அப்படி நடக்காது. அதிர்ஷ்டம் நுழையும் வாசல் இதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கோடியோடு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் இருப்பது முழுவதையும் தொழிலில் போடுகிறார்கள். நல்ல வருடம் என்றால் பணம் 60 சதவீதம் கூடும், கெட்ட வருடம் என்றால் 50 சதவீதம் குறையும். இரண்டுக்கும் சம வாய்ப்பு. திறமையிலோ உழைப்பிலோ ஒருவருக்கொருவர் இம்மி அளவும் வித்தியாசம் இல்லை. 20 வருடத்துக்குப் பிறகு சராசரி கணக்கின்படி 2.65 கோடி. ஆனால் பத்து நல்ல வருடமும் பத்து கெட்ட வருடமும் பார்த்தவர் கையில் மிஞ்சுவது 10.7 லட்சம்தான். 16 நல்ல வருடம் வாய்த்தவரிடம் 115 கோடி இருக்கும். ஆயிரத்தில் ஏறத்தாழ ஆறு பேர் அந்தத் தொகையை எட்டுவார்கள், அவர்களில் ஒருவர் 369 கோடி வரை போகக்கூடும்.

அந்த ஆறு பேரை மட்டும் பேட்டி எடுத்தால் அவர்களிடம் பொதுவாக உள்ள பழக்கங்கள் எல்லாம் வெற்றிக்குக் காரணமாகத் தெரியும். அதே பழக்கங்கள் உள்ள மீதி 994 பேரைத் தேடிப்போய் யாரும் கேட்பதில்லை. வெற்றிக்கதைகளை மட்டும் படித்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் உழைப்பு வீணா? இல்லவே இல்லை. எக்செல்லில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லட்சம் பேருக்கு இரண்டு மதிப்பெண் கொடுங்கள், இரண்டும் 0 முதல் 100 வரை ரேண்டம் எண்கள். முதலாவது உழைப்பும் திறமையும் சேர்ந்தது, இரண்டாவது அதிர்ஷ்டம். முதலாவதற்கு 95 சதவீத எடை, அதிர்ஷ்டத்துக்கு வெறும் 5 சதவீதம். மொத்தத்தில் முதல் இடம் பிடிப்பவர் யார் என்று பாருங்கள். அவருடைய உழைப்பு மதிப்பெண் 99.9-க்குப் பக்கத்தில் இருக்கும். அதிர்ஷ்ட மதிப்பெண்ணும் 99 அளவில் இருக்கும். நூறு முறை ஓட்டினால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட முறை, உழைப்பில் முதலாவதாக வந்தவர் ஜெயிக்க மாட்டார். அவருக்கு ஒரு நூல் பின்னால் இருந்து அதிர்ஷ்டம் கைகொடுத்த வேறொருவர் ஜெயிப்பார். போட்டியாளர்களைப் பத்தாகக் குறைத்து ஓட்டுங்கள். இப்போது உழைப்பில் முதல்வரே பத்தில் எட்டு, ஒன்பது முறை ஜெயிப்பார்.

என் பதிலின் மையம் இதுதான். அலுவலகப் பதவி உயர்வோ ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப்போ சின்னப் போட்டி, அங்கே உழைப்பு தீர்மானிக்கும். உலகம் முழுவதும் ஒருவரோ இருவரோ மட்டும் ஜெயிக்கும் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்த எல்லோரும் உச்சபட்சமாக உழைத்தவர்கள். அங்கே வித்தியாசத்தை உண்டாக்க மிச்சம் இருப்பது அதிர்ஷ்டம் மட்டுமே. அதனால் "நான் உழைத்துத்தான் வந்தேன்" என்று ஒரு பெரும் பணக்காரர் சொன்னால் அது முழு உண்மை. அவருக்கு அபாரமான அதிர்ஷ்டம் இருந்தது என்பதும் முழு உண்மை.

இதை நிஜ வாழ்க்கையில் பார்க்க மைக்ரோசாஃப்ட் நல்ல உதாரணம், ஏனென்றால் அதில் ஒவ்வொரு கட்டமும் பதிவாகியிருக்கிறது. 1968-ல் சியாட்டிலில் பில் கேட்ஸ் படித்த லேக்சைட் பள்ளிக்கு, தொலைவில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரோடு இணைத்துப் பயன்படுத்தும் டெலிடைப் டெர்மினல் ஒன்று வந்தது. அம்மாக்கள் சங்கம் பழைய பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் அதற்கு ஏற்பாடு செய்தது. உலகத்தில் மிகச் சில பள்ளிகளில் மட்டுமே இருந்த வசதி அது. இது சுத்தமான அதிர்ஷ்டம். பிறகு ஒரு கம்பெனியின் மென்பொருளில் பிழை கண்டுபிடித்துக் கொடுத்து, அதற்குப் பதிலாக இலவசமாகக் கம்ப்யூட்டர் நேரம் வாங்கி, கேட்ஸும், பின்னாளில் அவரோடு மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய பால் ஆலனும் நண்பர்களும் ராத்திரி பகலாகப் பழகினார்களே, அது உழைப்பு. அந்தக் கூட்டத்தில் கேட்ஸின் நெருங்கிய நண்பனாகவும் அவருக்கு இணையான கெட்டிக்காரனாகவும் இருந்த கென்ட் எவன்ஸ் 1972-ல் மலையேற்ற விபத்தில் இறந்துபோனான். அதிர்ஷ்டத்தைப் பேசும்போது இந்தப் பக்கத்தையும் பேச வேண்டும்.

1975-ல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் முதலில் விற்றது பேசிக் என்ற நிரல்மொழி. மிட்ஸ் என்ற கம்பெனிக்குத் தனி உரிமை கொடுத்து ஒப்பந்தம் போட்டுவிட்டு, வேறு யாருக்கும் விற்க முடியாமல் மாட்டிக்கொண்டு, 1977-ல் நடுவர் தீர்ப்பு மூலம்தான் வெளியே வந்தார்கள். 1980-ல் ஐபிஎம் என்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வந்தபோது இந்தப் பாடம் உதவியது. ஐபிஎம் ஒரே வருடத்தில் சிறிய கம்ப்யூட்டர் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவரத் துடித்தது, அதனால் பாகங்களையும் மென்பொருளையும் வெளியில் வாங்கியது. மைக்ரோசாஃப்ட்டிடம் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த 86-டாஸ் என்ற இயங்குதளத்தை முதலில் 25,000 டாலருக்கும், 1981 ஜூலையில் இன்னொரு 50,000 டாலருக்கும் வாங்கினார்கள். ஐபிஎம்மோடு போட்ட ஒப்பந்தத்தில் தனி உரிமை தரவில்லை. அதே மென்பொருளை மற்ற கம்பெனிகளுக்கு விற்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஐபிஎம் மாதிரியே இயங்கும் கம்ப்யூட்டர்கள் சந்தையில் இல்லை, அதனால் அந்த உரிமை பெரிதாகத் தெரியவில்லை. 1982-ல் காம்பாக் கம்பெனி ஐபிஎம் கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலுக்குச் சட்டப்படி செல்லும் மாற்று ஒன்றைச் செய்தது. பின்னாலேயே மற்ற கம்பெனிகளும் வந்தன. எல்லோருக்கும் டாஸ் தேவைப்பட்டது. காம்பாக் செய்ததில் கேட்ஸின் உழைப்பு துளியும் இல்லை. ஆனால் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் காம்பாக்கால் அவருக்கு ஒரு டாலர்கூட வந்திருக்காது. தயாராக இருந்தது உழைப்பு, ஒப்பந்தத்தில் அந்த வரி அனுபவம் தந்த முடிவு, ஐபிஎம் மாதிரி கம்ப்யூட்டர்களின் சந்தை அதிர்ஷ்டம். மூன்றையும் பெருக்கித்தான் அந்தத் தொகை வருகிறது. எந்த ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்.

பெருக்கலில் இன்னொரு எண்ணும் உண்டு, கம்பெனியில் கையில் மிஞ்சும் பங்கு. அதை நம் ஊர்ப் பேச்சுகளில் விட்டுவிடுகிறார்கள். கம்பெனி வருமானத்திலேயே வளர்ந்ததால் வெளி முதலீடாக 1981-ல் 10 லட்சம் டாலருக்கு 5 சதவீதப் பங்கு கொடுத்ததோடு சரி. 1986 மார்ச் 13-ல் ஒரு பங்கு 21 டாலர் விலையில் ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கு முதல் பங்கு வெளியீடு, வந்தபோது கேட்ஸிடம் ஏறத்தாழ 45 சதவீதம் இருந்தது.

அதே காலத்தில் கேரி கில்டாலும் இருந்தார். அன்றைக்கு எட்டு பிட் கம்ப்யூட்டர்களில் பரவலாக இருந்த சிபி/எம் இயங்குதளத்தை 1974-ல் எழுதியவர் அவர். திறமையில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. ஐபிஎம் அவருடைய கம்பெனிக்கும் போனது, பேச்சு ஒப்பந்தம் வரை போகவில்லை. பிறகு ஐபிஎம் இரண்டையும் விற்றபோது டாஸ் விலை 40 டாலர், சிபி/எம்-86 விலை 240 டாலர். வாங்குபவர்கள் எதை எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு இதில் செய்ய முடிந்தது என்ன? முதலில், அதிர்ஷ்டம் வரும்வரை தொழிலில் உயிரோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன ஆயிரம் பேர் கணக்கில் முழுப் பணத்தைப் போடாமல் ஒவ்வொரு முறையும் கால்வாசியை மட்டும் போட்டால், ஒரு நல்ல வருடமும் ஒரு கெட்ட வருடமும் சேர்ந்து பணம் 20 சதவீதம் கரைவதற்குப் பதிலாக அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடும். வாய்ப்பு மாறவில்லை, போட்ட அளவு மட்டும் மாறியது. நன்றாகப் போன தொழில்கள் படுப்பதற்கு இந்த அளவுப் பிழையும் ஒரு காரணம். முதல் கிளை ஓடிய தைரியத்தில் மொத்தத்தையும் அடமானம் வைத்து மூன்று கிளை திறப்பது இதன் உள்ளூர் வடிவம்.

அடுத்தது பங்கு. இரண்டு நண்பர்கள் சரிபாதியாகத் தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். ஊழியர்களுக்கு 10 சதவீதம், பிறகு நான்கு சுற்று முதலீட்டுக்கு முறையே 15, 20, 15, 10 சதவீதம் என்று அந்தந்தச் சமயத்து மொத்தத்தில் விட்டுக்கொடுத்தால் ஆளுக்கு மிஞ்சுவது 23.4 சதவீதம். இதைவிட ஆபத்தானது லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்ற ஷரத்து. முதலீட்டாளர்கள் போட்ட 200 கோடியை அவர்களுக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்து, கம்பெனி 150 கோடிக்கு விற்றுப்போனால் நிறுவனர்களுக்கு ஒன்றும் வராது. பத்து வருட உழைப்பு ஒரு பத்தியில் போய்விடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

சொந்தத் தொழில் தொடங்காதவர்களுக்கும் ஈசாப் என்ற வழி உண்டு, கம்பெனி தன் ஊழியர்களுக்குக் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை தருவது அது. சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டபோது, ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். அவர்களோடு சமமாக உழைத்து, பங்கு தராத கம்பெனியில் இருந்தவர்களுக்குச் சம்பளம் மட்டுமே. காலமும் கைகொடுத்தது. அடுத்த வருடமே அந்தப் பங்கு 36 டாலரில் பாதிக்கும் கீழே போனது. ஈசாப் வாங்கும்போது கம்பெனியின் மொத்தப் பங்கில் உங்களுடையது எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. அந்த உரிமை வழக்கமாக நாலு வருடத்தில் படிப்படியாக முழுதாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியுமுன் வெளியேறினால் ஒன்றும் கிடைக்காது. வேலையை விட்ட பிறகு வாங்கிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்றும் பாருங்கள், பல இடங்களில் 90 நாள்தான். பங்கை உங்கள் பெயருக்கு மாற்றும்போதே, விற்காவிட்டாலும், விலை வித்தியாசத்துக்குச் சம்பள வரி விழும். தள்ளிக் கட்டும் சலுகை அங்கீகாரம் பெற்ற சில ஸ்டார்ட்-அப் ஊழியர்களுக்கு மட்டும் உண்டு. அந்த வரிக்குக் கையில் ரொக்கம் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, கடன். 1976-ல் ஆப்பிளின் மூன்றாவது பங்குதாரர் ரொனால்ட் வெய்ன் தன் 10 சதவீதத்தை இரண்டு வாரத்துக்குள் 800 டாலருக்கு விட்டுக்கொடுத்தார். அது கூட்டு வணிகம், கடன் திரும்பாவிட்டால் பங்குதாரர்களின் சொந்தச் சொத்தைப் பிடிக்கலாம். மூவரில் பிடிக்கும்படி சொத்து இருந்தவர் அவர்தான். அவரை ஏமாளி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கும் சாதாரண பார்ட்னர்ஷிப்பில் அதே ஆபத்து உண்டு. கடன் பொறுப்பு போட்ட முதலோடு நின்றுவிடும் எல்எல்பியாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ பதிவு செய்தால் பாதுகாப்பு. ஆனால் வங்கிக் கடனுக்கு, கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற பர்சனல் கியாரண்டியில் கையெழுத்துப் போட்ட நிமிடம் அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனுக்கு இல்லாமல் போகிறது. கம்பெனிக் கடனுக்குக் கியாரண்டி கொடுத்தவர் மீது 2019 டிசம்பர் முதல் திவால் சட்டத்தின் கீழும் நடவடிக்கை எடுக்கலாம். கையெழுத்துக்கு முன் கியாரண்டித் தொகைக்கு உச்சவரம்பு கேளுங்கள். கடன் குறையக் குறைய அதுவும் குறையும்படி எழுதச் சொல்லுங்கள். பங்கை விற்று வெளியேறும் நாளில் வங்கியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்காமல் நகராதீர்கள், பங்கு கைமாறியதால் கியாரண்டி தானாக ரத்தாகாது.