திருச்சி – சாங்கி: டிக்கெட்டில் போட்ட நேரமும் உண்மை நேரமும்

தம்பி, "டிக்கெட்டில் சிங்கப்பூர் போக ஆறேமுக்கால் மணி நேரம், திருச்சி திரும்ப ஒன்றேமுக்கால் மணி நேரம் வருகிறது, எது சரி? தூரம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே சரியில்லை. தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர், பறப்பது எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம். டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. திருச்சியில் இரவு 11.30க்கு ஏறினால் இங்கே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் காலை 6.15. இங்கே இரவு 8க்கு ஏறினால் அங்கே 9.45. 1981 வரை வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். மலேசியாவோடு சேர்ந்து 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி தள்ளிவைத்தார்கள். அதனால்தான் இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். 6.15க்கு வெளியே கும்மிருட்டு என்று மிரள வேண்டாம். இதைவிட முன்னதாக இறங்கி ஆறுக்கு முன் டாக்சி ஏறினால் மட்டும் மீட்டர் கட்டணத்தில் பாதி கூடும், கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது தேதிதான். டிக்கெட்டில் 14ஆம் தேதி 00.40 என்றிருந்தால் 13ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நின்றவர்கள் நம்மாட்களில் நிறைய. கவுண்டரும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும்.

சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையிலும் இதே தப்பு நடக்கும். 13ஆம் தேதி இரவு ஏறி 14ஆம் தேதி இறங்கினால் அதில் 14 என்றுதான் போட வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், சிங்கப்பூர்க் குடிநுழைவு (இமிகிரேஷன்) ஆணையத்தின் தளத்தில் நிரப்புங்கள். காசே கிடையாது. இதற்குப் பணம் கேட்கும் ஏஜெண்டை அங்கேயே நிறுத்துங்கள், அவர் அடுத்து எதற்குக் கேட்பார் என்று சொல்ல முடியாது.

மலிவு என்று கோலாலம்பூர் வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டுத் தருவார்கள். பெட்டி நேராக இங்கே வராது. மலேசியக் குடிநுழைவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது டிக்கெட்டின் காசு போனதுதான். முதல் பயணத்துக்கு நேர் விமானமே எடுங்கள்.



நாலேகால் மணி நேரம் உட்கார முடியுமா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். எழுபது தாண்டிய இங்குள்ள பெரியவர்களிடம் 'ரஜூலா' கப்பல் என்று சொல்லிப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வழியாகக் கிட்டத்தட்ட ஒரு வாரம், மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து வந்தவர்கள். அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பாதை நின்றது.

அவர்கள் அரிசி, புளி, ஊறுகாய் கட்டிவந்ததில் நியாயம் உண்டு. இப்போது இங்குள்ள லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை முதல் கருவாடு வரை கிடைக்கிறது. பெட்டியை மளிகைக்கடை ஆக்காதீர்கள். ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலை, சூயிங்கம், வேப் எனும் மின்சிகரெட் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு வரி விலக்கே இல்லை. அம்மா குருமாவுக்குப் பொட்டலம் கட்டித் தரும் கசகசாவும் இங்கே தடை, அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.