தொடைக் குழிகள் ஏன் திரும்பி வந்தன?

ஆறு முறை கருவியால் உறிஞ்சு மசாஜ் செய்தும் தொடைக் குழிகள் (செல்லுலைட்) இரண்டே வாரத்தில் திரும்பிவிட்டன, நீலத் திட்டுகள் வேறு என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்களுடையது இல்லை. அந்தக் கருவியால் முடிவது அவ்வளவுதான்.

அது தோலை உள்ளே இழுத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே மடித்துப் பிசைகிறது. அங்கே ரத்தமும் நிணநீரும் சற்று நேரம் கூடுதலாக ஓடும், தேங்கிய நீர் நகரும். அதனால் மேல்தோல் வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் குழிக்குக் காரணம் வேறு. பஞ்சு மெத்தையில் தையல் போட்ட இடம் பள்ளமாகவும் மற்ற இடம் மேடாகவும் இருக்கும் இல்லையா? அதேபோல் தோலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நார்கள் இருக்கின்றன. உருளை அவற்றை அறுப்பதில்லை. கொழுப்பு கரைகிறது என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு, அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தந்த அனுமதியே ‘குழிகளின் தோற்றம் தற்காலிகமாகக் குறையும்’ என்ற அளவுக்குத்தான்.

நீலத் திட்டு, உறிஞ்சும் விசை அதிகமாகி நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்ததால் வருவது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். அதுவரை அடுத்த அமர்வு வேண்டாம். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா? நரம்புச் சுருட்டல் உண்டா? இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்த மசாஜுக்குப் போகாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.