வாசகர் கேள்விகள்: நோத்ர்தாம் ஆர்கனும் லூயி வியேர்னும்

கேள்வி: பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் ஆர்கன் வாசித்த லூயி வியேர்னுக்குக் கண் தெரியாது என்கிறார்களே! பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கும் எனக்கே கட்டையை அடிக்கடி பார்க்கவேண்டியிருக்கிறது. அவர் கையையும் காலையும் எப்படிச் சமாளித்தார்?
- வாசகி, ரோஸ்ஹில்

பதில்: அவருக்கு அறவே பார்வை இல்லாமல் இல்லை. 1870இல் புவாத்தியே நகரில் பிறவிக் கண்புரையோடு பிறந்தார். ஆறு வயதில் செய்த அறுவைசிகிச்சையால் ஆள் உருவமும் பெரிய எழுத்தும் தெரியும் அளவுக்குப் பார்வை கிடைத்தது. இசைத்தாளைப் பார்த்து வாசிக்க அது போதாது. எனவே பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்ல் முறையில் இசை கற்றார்.

பிரெய்ல் இசைக்குறிப்பை விரலால் தடவித்தான் படிக்க முடியும். இடது கை தடவும்போது வலது கை வாசிக்கும். பிறகு கை மாறும். காலுக்குரிய வரி தனிப்பாடம். சிறு சிறு துண்டாக மனப்பாடம் செய்து, கடைசியில்தான் மூன்றையும் சேர்ப்பார்கள். கால்கட்டையில் இடம் தவறாமலிருக்க, கருங்கட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கால்நுனியால் தொட்டு அடையாளம் கொள்வார்கள்.

கட்டையைவிடக் கடினம் ஸ்டாப்புகள், அதாவது எந்தக் குழல் வரிசை ஒலிக்கவேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் குமிழ்கள். ஆர்கன் செய்யும் கலைஞர் கவாயே-கொல் 1868இல் அமைத்த அந்த ஆர்கனில் ஐந்து அடுக்குக் கைக்கட்டை, 86 ஸ்டாப்புகள். எந்தக் குமிழ் எங்கே என்பது கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

ஆர்கன் மேதைகளான செசார் ஃப்ராங்கிடமும் பிறகு விதோரிடமும் படித்து, சேன்-சுல்பீஸ் ஆலயத்தில் விதோருக்கு உதவியாளராக இருந்தவர், 1900இல் போட்டியில் வென்று நோத்ர்தாமுக்கு வந்தார். 1906இல் தெருவில் விழுந்து கால் முறிந்தது. காலால் வாசிக்கும் முறையை மறுபடி முதலிலிருந்து பழகினார்! அவருடைய ஆறு ஆர்கன் சிம்ஃபனிகளைக் கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1937 ஜூன் 2 அன்று அவருடைய 1750ஆவது கச்சேரி. தம் படைப்பை வாசித்து முடித்து, அடுத்து மனோதர்மமாக வாசிக்க ஸ்டாப்புகளைத் தேர்ந்துகொண்டிருந்தபோது சரிந்தார். கால், கீழ் ஈ ஸ்வரக் கட்டையில் பதிந்தது. அந்த ஒற்றை ஒலி பேராலயம் முழுக்க நின்றது. மாணவர் மோரிஸ் துருஃப்ளே பக்கத்தில் இருந்தார்.

கேள்வி: பேராலயத்தில் இரண்டு ஆர்கன் எதற்கு?
- வாசகர், வாக்வா

பதில்: பீடத்துக்கு அருகிலுள்ள சிறியது பாடகர் குழுவுக்குத் துணை. வாசலுக்கு மேலே மாடத்திலுள்ள பெரியது பூசையில் தனித்து ஒலிக்க: நுழைவு, காணிக்கை, நற்கருணை, முடிவு. அங்கே பெரும்பகுதி மனோதர்மமே. வியேர்ன் 37 ஆண்டு, சாகும்வரை அந்தப் பெரிய ஆர்கனுக்கு உரியவராக இருந்தார். பின்னாளில் அதே பதவியிலிருந்த பியேர் கொஷ்ரோ 1984இல் இறந்தபின் அந்தப் பதவியை நால்வருக்குப் பகிர்ந்தார்கள். 2019 தீயில் பெரிய ஆர்கன் எரியவில்லை. ஆனால் ஈயத்தூசி படிந்ததால் கிட்டத்தட்ட 8000 குழல்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். 2024 டிசம்பரில் மறுபடி ஒலித்தது.

கேள்வி: சனவரிக் கோடை வெயிலில் எங்கள் ஆலயக் குழல் ஆர்கனோடு ஆர்மோனியம் சேரவே மாட்டேன் என்கிறது. காலையில் சரியாக இருந்ததே?
- வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: ஆர்மோனியத்தைக் குறை சொல்லாதீர்கள். அதன் உலோக ரீட் (அதிர்ந்து ஒலிக்கும் நாக்கு) சூட்டில் அதிகம் மாறாது. குழலுக்குள் இருப்பது காற்று; சூடேறினால் அதில் ஒலி வேகமாக ஓடும், சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (அரை ஸ்வரம் 100 சென்ட்). 22 டிகிரியில் சேர்ந்திருந்தது 30 டிகிரியில் கால்வாசி அரைஸ்வரம் விலகிவிடும். ஆர்மோனியத்தில் சுருதி மாற்றும் வசதி முழு அரைஸ்வரமாகத்தான் நகரும், அதனால் பயனில்லை.

ஆர்கனிலேயே ட்ரம்பெட் ஸ்டாப்பும் ரீட்தான். மற்றக் குழல்கள் ஏறும்போது அது கீழே நிற்பதாகத் தோன்றும். அவசரப்பட்டுப் பல குழல்களின் மேல்விளிம்பைத் தட்டி மாற்றாதீர்கள், உலோகம் தேய்ந்து கிழியும். பூசை இல்லாத நாளில், வழக்கமாகப் பூசை நடக்கும் அதே வேளையில், கதவு ஜன்னல் வழக்கம்போல் திறந்திருக்க, ட்ரம்பெட்டின் சுருதிக் கம்பியை மட்டும் மற்றக் குழல்களுக்கு ஒப்ப நகர்த்தச் சொல்லுங்கள். ஆர்மோனியம் சேரவேண்டிய பாட்டுகளை வெயில் ஏறுமுன் காலைப் பூசையில் வையுங்கள்.