எந்தப் பாவம், அப்பா?

கேள்வி: பல வருடங்களாகச் சபையில் இருக்கிறேன். ஆனாலும் பெருமை என்னை விடவில்லை. தாழ்மைக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், வெள்ளிதோறும் உபவாசம். போன மாதம் சபையில் சாட்சி சொல்லும்போது, "பாவிகளில் பிரதான பாவி நான்" என்று அறிக்கையிட்டேன். பலர் கண்கலங்கினார்கள். (வீட்டுக்கு வந்ததும் 14 வயது மகள், "எந்தப் பாவம், அப்பா?" என்றாள். போய்ப் படி என்று சொல்லிவிட்டேன்.) உள்ளே மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. உபவாசத்தை வாரம் இரண்டு நாளாக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரரே. லூக்கா 18-ல் ஆலயத்துக்குப் போய்த் தன்னையே மெச்சிக்கொண்டு ஜெபித்த பரிசேயனும் வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தவன்தான். தாழ்மைக்கு இன்னொரு பயிற்சி கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. உங்களுக்கான பதிலை நீங்களே அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள்.

அன்றைக்கு உங்கள் அறிக்கையை மெய்யாக எடுத்துக்கொண்டு கேட்டவள் உங்கள் மகள். அவளைத்தான் படிக்க விரட்டினீர்கள். என்னிடமாவது சொன்னீர்களா? கடிதம் முழுக்கப் பெருமை, பெருமை என்று இருக்கிறதே தவிர, யாரிடம் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. பவுல் தன்னைப் பிரதான பாவி என்பதற்கு இரண்டு வசனம் முன்பே, தூஷித்தேன், துன்பப்படுத்தினேன், கொடுமை செய்தேன் என்று சொல்லிவிடுகிறார் (1 தீமோத்தேயு 1:13). சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்" என்றவன்தான். ஆனால் அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டான் (1 சாமுவேல் 15:30). உங்கள் சாட்சி இந்த இருவரில் யாருடையதைப் போல இருந்தது?

மகளிடம் பாவத்தைப் பேர் சொல்லிச் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். குற்றமில்லாத தகப்பன் என்ற பேரில் நிற்கிறவர் அந்தப் பேரைக் காக்க மறைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். கிறிஸ்து சுமந்து தீர்த்ததில் நிற்கிறவருக்கு அந்தப் பாடு இல்லை. மனந்திரும்பி நாம் கிருபையைச் சம்பாதிப்பதில்லை. மன்னிப்பு அவரிடத்தில் முன்பே இருக்கிறது (சங்கீதம் 130:4). அதனால்தான் வாய் திறக்க முடிகிறது. தன் பாவத்தை ஒத்துக்கொள்ளும் தகப்பனைப் பார்க்காத பிள்ளை கிருபையை எங்கே போய்க் கற்கும்? அதைக் காட்டுவது உங்கள் கடமை, சபையிடம் தள்ளிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளில் கடந்த ஒரு வாரத்தை மட்டும் எழுதுங்கள்: யாரிடம், என்ன சொன்னேன், என்ன செய்தேன். "கோபப்பட்டேன்" என்று எழுதினால் போதாது. "அவள் பேசி முடிக்குமுன் கத்தி அடக்கினேன்" என்று எழுதுங்கள். முதலில் அதைத் தேவனிடம் சொல்லுங்கள். பிறகு அந்தந்த ஆளிடம் தனியாகப் போங்கள், மனைவியிடம் முதலில். "இதைச் செய்தேன், அது பாவம், என்னை மன்னித்துவிடு." அவ்வளவுதான்.

இது கெட்டுப்போகிற இடங்களும் உண்டு. "உனக்கு வருத்தமாக இருந்திருந்தால்" என்று தொடங்கினால் குற்றம் அவள் மனதுக்குப் போய்விடும். "ஆனால் நீயும்" என்று சேர்த்தால் அது வழக்காகிவிடும். நீங்கள் அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகும். பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். அவளுக்கு விரோதமாகவோ அவள் கண்முன்னாலோ செய்ததை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். மனதுக்குள் இருக்கும் மற்றப் போராட்டங்களுக்கு முதிர்ந்த ஒரு விசுவாசி போதும் (யாக்கோபு 5:16). எடுத்த பணமோ பொருளோ இருந்தால் வார்த்தை பத்தாது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பச் சொல்கிறது எண்ணாகமம் 5:7.

மகள் உடனே மன்னிக்காமல் போகலாம். பதிலுக்கு நெருக்காதீர்கள், வசனம் காட்டாதீர்கள். மறுபடி கத்திவிட்டால் அன்றைக்கே மறுபடி போய்ச் சொல்லுங்கள். இதையெல்லாம் அடுத்த சாட்சியாக்கிச் சபையில் சொல்ல மட்டும் எழுந்து நிற்காதீர்கள்.